இருபத்தாறு பேருக்கு ஒரு நாய்

யஸ்த் நகரத்துக் கால்நடை மருத்துவர் சின்னப் பெண். எங்கள் நாய் ஸர்தூவை எடை மேடையில் ஏற்றிவிட்டு நானும் கொதாரஹ்மும் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவள் எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாப்பத்தெட்டு கிலோ. முப்பதைத் தாண்டக் கூடாது. இதுக்கு யாரும்மா சாப்பாடு போடறது?"

"எங்க தெருவுல இருபத்தாறு பேரு," என்றேன். "எல்லாரும் செத்துப்போனவங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கொதாரஹ்ம் வேறு பக்கம் திரும்பி இருமினான். அவனுடைய நீல நிற வண்டியின் பின்பக்கத்தில்தான் ஸர்தூவை ஏற்றி வந்திருந்தோம். நாற்பது வயது ஆகியும் கல்யாணம் ஆகாதவன், தெருவில் யார் எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவான்.

அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொன்னேன். விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டார் வாயில் ஒரு பருக்கை வைப்பதற்கு முன், நாய்க்கு முதல் கவளம். நாய் தின்றால் போனவர்களுக்குப் போய்ச் சேரும். இதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ரொஸ்தமாபாத்தில் எங்கள் தெருவில் பதினோரு வீடு, ஒரே நாய். அவ்வளவுதான் விஷயம்.

"நல்ல பழக்கம்தான்," என்றாள். "ஆனா இதோட இதயம் தாங்காது. ஒரு வேளை, அதுவும் இந்தக் கிண்ணத்துல பாதி. இப்படியே போனா நவ்ரோஸ் பார்க்காது."

மாதுளை பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் புத்தாண்டான நவ்ரோஸுக்கு ஆறு மாதம்கூட இல்லை. திரும்பி வரும்போது நானும் வண்டியின் பின்பக்கத்தில் ஸர்தூவோடு உட்கார்ந்துகொண்டேன். நெற்றியில் இரண்டு கரும்புள்ளிகள், நாலு கண் நாய் என்று நாங்கள் உயர்வாகச் சொல்கிற ஜாதி. என் கணவர் மெஹ்ரபான் அவனைக் குட்டியாக ஒரு ஆட்டுக்கிடையிலிருந்து தன் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மெஹ்ரபான் போய் மூன்று வருஷம் ஆகிறது. இவனும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

மறுநாள் சாயங்காலம் பதினோரு வீட்டாரையும் என் முற்றத்துக்குக் கூப்பிட்டேன். நான் முப்பது வருஷம் ஊர் சுகாதார நிலையத்தில் ஊசி போட்டவள். நான் கூப்பிட்டால் வருவார்கள், பழைய பயம்.

மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"நான் மூணே மூணு வாய்தான் போடறேன்," என்றாள் பக்கத்து வீட்டு லால். நல்லவள், ஆனால் வாய் ஓயாது. "ஒண்ணு எங்கப்பாவுக்கு, ஒண்ணு எங்கம்மாவுக்கு, ஒண்ணு எங்க சித்தப்பாவுக்கு. ரொட்டியை முட்டைல தோய்ச்சு. முட்டை போடறது தப்பா?"

"உன் மூணு வாய் ஒவ்வொண்ணும் என் செருப்பளவு இருக்கே," என்றான் கொதாரஹ்ம்.

"எங்கப்பா ஆறடி ஆளுடா. கடுகளவு போட்டா எங்க ஒட்டும்?"

அப்போது கெஷ்வர் தொண்டையைச் செருமினாள். முற்றமே அடங்கியது.

கெஷ்வர் மெஹ்ரபானின் அக்கா, எனக்கு மதினி. எதிர்வீடு. அறுபத்தெட்டு வயது, கணவரும் இல்லை, பிள்ளைகள் டெஹ்ரானில். கல்யாணமாகி நான் இந்தத் தெருவுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் சமையலைப் பற்றிக் கருத்து சொன்னவள், இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஸர்தூவுக்கு அதிகம் போடுகிறவளும் அவள்தான். எண்ணெயில் பொரித்த முழு ரொட்டி, அதன் மேல் இறைச்சிச் சாறு.

"என் மாமியார் உயிரோட இருக்கும்போது ரெண்டு தட்டு சாப்பிட்டவங்க," என்றாள். "செத்ததுக்கப்புறம் அரை வயிறு போடச் சொல்றியா? ராத்திரி கனவுல வந்து என்னைக் கேட்பாங்க. உன்னையா கேட்பாங்க?"

"மதினி, நாய் செத்துப்போச்சுன்னா உங்க மாமியாருக்கு ஒரு வாயும் கிடைக்காது."

"வேற நாய் வாங்கு."

"வேற நாயா? இவன் அவர் தூக்கிட்டு வந்த நாய்."

எங்கள் நெருப்புக் கோயில் பூசாரி மோபெத்துக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது அடுப்படி விவகாரம், என்னை இழுக்காதீர்கள் என்று வைத்துவிட்டார்.

பட்டியல் போடலாம் என்று சொன்னது நான்தான். எங்கள் மாதத்தில் முப்பது நாள், முப்பதுக்கும் தனித்தனிப் பெயர். சூரியன் நாள், நிலா நாள், நீர் நாள் என்று போகும். யார் எந்த நாளில் போனார்களோ, அந்த நாள் அவர்களுடையது. மாதத்தில் அந்த ஒரு நாள் அந்த வீட்டுக் கவளம், மற்ற வீடுகள் அன்றைக்குப் போடக் கூடாது. இருபத்தாறு பேருக்கு இருபத்தாறு நாள். மிச்சம் நாலு நாள், பெயர் சொல்ல ஆளில்லாமல் போனவர்களுக்காக நானே போடுகிறேன் என்றேன்.

சொல்வது சுலபம். கெஷ்வர் புகுந்த வீடு பழைய நாட்காட்டிக் கணக்கு, மற்ற பத்து வீடும் புதிய கணக்கு. எங்களுக்கு நிலா நாளாக இருக்கும்போது அவளுக்கு வேறு ஏதோ நாள். நிலா நாளில் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம். அவள் அன்றைக்கென்று ஆட்டு எலும்பை வேகவைத்துத் தெருவையே மணக்கவைப்பாள். நாற்பது வருஷமாக நடக்கிற கூத்து. அவள் வீட்டு நாலு பேருடைய நாட்களும் எங்கள் ஆட்களின் நாட்களோடு மோதின. லாலின் சித்தப்பாவை ஒரு நாள் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. சித்தப்பா எப்போதுமே எல்லாவற்றுக்கும் தாமதமாகத்தான் வருவார், பரவாயில்லை என்று லாலே ஒத்துக்கொண்டாள். விடியாத வழக்கு மூன்று நாளில் முடிந்தது. பெரிய எழுத்தில் எழுதி என் கதவில் ஒட்டினேன். மெஹ்ரபானுக்குக் காற்று நாள்.

"இதுக்கு நான் சம்மதிச்சேன்னு நினைக்காதே," என்றாள் மதினி. "ஆனா மீறமாட்டேன்."

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

பதினோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டாம் நாள் நூடுல்ஸும் பயறும் கீரையும் போட்டுச் சூப் வைத்தேன், மெஹ்ரபான் கிண்ணத்தை வழித்துக் குடிக்கிற சூப். கரண்டியை வாய் வரைக்கும் கொண்டுபோனேன், உள்ளே போகவில்லை. அவருக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதே இல்லை, இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி. காற்று நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஸர்தூ அடுப்படி வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து தெருக்கதவைச் சாத்தினேன். ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்து, மெஹ்ரபான் என்று மெதுவாகச் சொல்லி, முற்றத்தில் வைத்தேன்.

அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன். மறுநாளும் கதவைச் சாத்தினேன். ஒரு கவளம் என்று ஆரம்பித்தது கால் கிண்ணமானது, அரைக் கிண்ணமானது, கடைசியில் அவர் சாப்பிடுகிற அளவே ஆனது. நன்மைக்கென்று செய்கிற காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் கதவில் என் கையெழுத்திலேயே பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் யஸ்துக்குப் போனோம். அந்தப் பெண் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தாள்.

"அம்பது. கூடியிருக்கும்மா. யாரோ கொல்றீங்க இதை."

வழி முழுக்கக் கொதாரஹ்ம் கொதித்துக்கொண்டு வந்தான். தெருமுனையில் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் வண்டியை நிறுத்தும் முன்பே சன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

"ரெண்டு கிலோ ஏறியிருக்கு! யாரு போடறது? மரியாதையா சொல்லிடுங்க."

ஒவ்வொரு தலையாக ஒரே பக்கம் திரும்பியது. கெஷ்வர் தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"கெஷ்வர் அக்கா," என்றாள் லால், தயங்கித் தயங்கி, "உங்க மாமியார் கனவுல வந்தாங்களா?"

"என்ன கேக்கறே?"

"இல்ல, அரை வயிறு போட மனசு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மதினி துடைப்பத்தை நிறுத்தினாள். லாலைப் பார்த்தாள், கொதாரஹ்மைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இனிமே போடாதீங்க மதினி."

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான். மதினி சண்டைக்கு வருவாள், தெருவையே இரண்டாக்குவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரி," என்றாள். மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

கெஷ்வர் வாயிலிருந்து 'சரி' என்ற வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்று முதல் விளக்கு வைக்கும் நேரத்தில் ஸர்தூவை என் முற்றத்திலேயே கட்டிப்போடுவது என்று முடிவாயிற்று, எதிர்வீட்டுப் பக்கம் போகாமலிருக்க. கட்டிப்போடுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பால் பானைக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி. அன்று சாயங்காலம் அவனுக்கு நான் ஒன்றும் வைக்கவில்லை. மறுநாள் வைத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். சூரியன் இறங்கிக்கொண்டிருந்த நேரம், லால் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"பராங்கிஸ் அக்கா! கெஷ்வர் அக்கா கீழ விழுந்துட்டாங்க!"

ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மதினி அறைக் கம்பளத்தில் கிடந்தாள். இடுப்பில் கட்டும் புனிதக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டித் தொழும் நேரம், நின்றபடியே கண் இருட்டிச் சாய்ந்திருக்கிறாள். நான் உள்ளே நுழைந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தே? ஊசி போட்டே கொன்னுடுவா."

உயிருக்கு ஆபத்தில்லை என்று அதிலேயே தெரிந்தது. கையைப் பிடித்தேன். பட்டையை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்தியிருந்தாள். அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது. நாயை வண்டியில் ஏற்றி எடை பார்த்து எடை பார்த்து வந்த எனக்கு, எதிர்வீட்டில் இவள் பாதியாகியிருப்பது கண்ணில் படவேயில்லை.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க மதினி?"

"மத்தியானம் சாப்பிட்டேன்."

"ராத்திரி?"

மதினி உத்தரத்தைப் பார்த்தாள். "நாய்க்குப் போடாம நான் எப்படி வாயில வைக்கறது? இதென்ன கேள்வி."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் பட்டையை அவிழ்த்துக் கீழே வைத்தேன்.

"என் வீட்டு ஆளுங்க நாலு பேரு," என்றாள். "நீதானே நாலு நாள் குடுத்தே. மாசத்துல அந்த நாலு நாள் ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டேன்."

"அய்யோ அக்கா," என்றாள் லால், "நாங்கல்லாம் தினமும் சாப்பிட்டோமே! அன்னிக்கு யார் முறையோ அவங்க போட்டாச்சு, எல்லாருக்கும் சேர்த்துதான்னு நினைச்சோம்."

"நீ எதைத்தான் ஒழுங்கா நினைச்சே."

பாலைக் காய்ச்சப் போகிறேன் என்று லால் அடுப்படிக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் கை இன்னும் என் கையில்தான் இருந்தது.

"மதினி, ஸர்தூவுக்குப் போட்டது நான்தான். ரெண்டு மாசமா. தினமும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"என் மாடில நின்னா உன் முற்றம் முழுக்கத் தெரியுது. தெருக்கதவைச் சாத்தத் தெரிஞ்சவளுக்கு வானத்தைச் சாத்தத் தெரியல."

"அப்புறம் ஏன் அன்னிக்கு வாயைத் திறக்கல? அத்தனை பேர் முன்னாடி நான் உங்களைச் சொன்னேனே, ஏன் ஒரு வார்த்தை திருப்பிக் குடுக்கல?"

மதினி கையை இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்ட கையால் முக்காட்டைச் சரிசெய்தாள்.

"சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்பே. நீ நிறுத்தினா என் தம்பி பட்டினி கிடப்பான்."

நான் அழுதேன். அந்த மூன்று வருஷத்தில் அவள் முன்னால் நான் அழுததேயில்லை. மெஹ்ரபானைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அழவில்லை. கட்டிக்கொடுத்த அக்கா தம்பிக்கென்று தனியாகக் கவளம் போடுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. அவர் என் வீட்டுப் பட்டியலில் இருந்தார், அவள் வீட்டுப் பட்டியலில் இல்லை. அவள் தினமும் மாடியில் நின்று பார்த்ததும், நான் முற்றத்தில் வைத்ததும் ஒரே ஆளுக்காக.

"போதும் நிறுத்து," என்றாள். "அவன் மட்டும் தினமும் மூக்கு முட்டத் தின்னுட்டு உக்காந்திருக்கான். பக்கத்துல என் மாமியார் மாசத்துக்கு ஒரு நாள். அந்தம்மா அவனை அங்க என்ன பாடு படுத்துதோ."

அழுதுகொண்டே சிரித்தேன். லால் பாலோடு வந்தாள். மதினி டம்ளரைக் கையால்கூடத் தொடவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, நாய்க்குப் போடவில்லை. சாக வேண்டி வந்தாலும் குடிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "மதினி, கோயில்ல மோபெத் ஒரு தொழுகைலயே அம்பது பேரோட பேரைச் சொல்றாரே. ஆளுக்கொரு நெருப்பா மூட்டறாரு?"

"அதனால?"

"ஒரு கவளம். இத்தனூண்டு. தினமும் ஒரு வீட்டுலேர்ந்து. ஆனா எல்லார் பேரையும் சொல்லிட்டுப் போடுவோம். இருபத்தாறு பேரும், தினமும்."

மதினி யோசித்தாள். நான் சொன்ன எதையும் அவள் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

"என் மாமியார் பேரை முதல்ல சொல்லணும்," என்றாள்.

"சொல்லலாம்."

"லால் சித்தப்பாவைக் கடைசில."

"அவருக்கு அதுதான் பிடிக்கும்," என்றாள் லால்.

ஓடிப்போய் ஸர்தூவை அவிழ்த்துக்கொண்டு, கதவிலிருந்த பட்டியலையும் பிய்த்துக்கொண்டு வந்தேன். மதினியைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். ஒரு துண்டு ரொட்டி, கட்டைவிரல் அளவு. அதைத் தன் கையில்தான் வைத்துக்கொள்வேன் என்றாள். நான் பட்டியலைப் பார்த்துப் பெயர்களைப் படித்தேன், அவளும் லாலும் திருப்பிச் சொன்னார்கள். மாமியாரில் தொடங்கினோம். ஸர்தூவுக்குப் பத்தாவது பெயரிலேயே எச்சில் வடிந்தது. பதினைந்தாவதில் ஒரு முறை குரைத்தான். இவ்வளவு சின்னத் துண்டுக்கு இவ்வளவு நீளமா என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். மெஹ்ரபான் பெயர் வந்ததும் நான் படிக்கவில்லை. மதினி சொன்னாள், சத்தமாக, தெருவுக்குக் கேட்கும்படி. ஏதோ தூரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

சித்தப்பாவின் பெயரும் ஆயிற்று. மதினி துண்டை நீட்டினாள். ஸர்தூ அதை மெல்லக்கூட இல்லை.

நான் பட்டியலை மேலிருந்து இன்னொரு முறை பார்த்தேன், யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று. மதினிக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரும் சாப்பிட்டாச்சுடீ," என்றாள். "என் பேரையும் அதுல எழுதறதுக்கு முன்னாடி எனக்குச் சோத்தைப் போடு."

தட்டை எடுக்க எழுந்து ஓடினேன்.